மருத்துவ நூலகர்களுக்கு இலவசப் பயிற்சி இருக்கிறது. படிக்க நேரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவம், செவிலியம், மருந்தியல், பொதுச் சுகாதாரம் ஆகிய துறைகளின் நூலகங்களில் பணியாற்றுவோருக்கு இணையவழியில் கட்டணமின்றிப் பல பயிற்சிகள் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றியும், அவை கிடைத்தும் பலருக்குப் பயன்படாமல் போவதற்கான காரணத்தைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். மருத்துவர்களின் தொடர் கல்வியைப் பற்றி அவ்வப்போது செய்திகளும் கட்டுரைகளும் வருகின்றன. அவர்கள் படிக்க வேண்டியதைத் தேடி எடுத்துக் கொடுப்பவரும் தொடர்ந்து படிக்க வேண்டியவர்தான் என்பதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் இத்துறையில் பணியாற்றுகிறேன். ஆகவே இதை எழுதுவது என் கடமை என்றே கருதுகிறேன்.

மருத்துவ நூலகரின் வேலை புத்தகங்களை அடுக்கி வைத்து, தவணைத் தேதியைக் குறித்துக் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. உண்மையில் அவருடைய நாளின் பெரும்பகுதி தேடலில் கழிகிறது. ஒரு மருந்தின் பக்கவிளைவுகளாக இதுவரை என்னென்ன பதிவாகியிருக்கின்றன, இரண்டு சிகிச்சை முறைகளில் எதற்கு வலுவான சான்று இருக்கிறது, ஒரு முதுநிலை மாணவர் எடுத்துக்கொண்ட தலைப்பில் ஏற்கெனவே ஆய்வு நடந்திருக்கிறதா என்பன போன்ற கேள்விகள் அவரிடம் வருகின்றன. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் தரவுத்தளத்தில் மட்டும் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைப் பதிவுகள் உள்ளன. அவற்றிலிருந்து தேவையானதை விடாமலும் தேவையற்றதைச் சேர்க்காமலும் பிரித்தெடுப்பது தனித்திறன். அத்திறனை ஒருமுறை பட்டப்படிப்பில் கற்றுவிட்டால் போதும் என்று நினைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு மருத்துவ உலகம் மறக்கக் கூடாத ஒரு நிகழ்வு உண்டு.

2001ஆம் ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா தொடர்பான ஓர் ஆய்வு நடந்தது. அதில் தன்னார்வலராகச் சேர்ந்த, நல்ல உடல்நலத்துடன் இருந்த 24 வயதுப் பெண் ஒருவர், ஆய்வுக்காக ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை நுகர்ந்த பின் நுரையீரல் செயலிழந்து, அந்த ஆண்டு ஜூன் மாதம் உயிரிழந்தார். ஆய்வைத் தொடங்கும் முன் அம்மருந்தின் பாதுகாப்பு குறித்து ஆய்வாளர் தேடாமல் இல்லை, பப்மெட்டில் தேடியிருந்தார். ஆனால் அன்றைய பப்மெட் 1966ஆம் ஆண்டு வரைதான் பின்னோக்கிச் சென்றது. அம்மருந்து இரத்த அழுத்தத்துக்காகப் பயன்பாட்டில் இருந்ததோ 1950களில். அதனால் நுரையீரலுக்கு ஏற்படும் கேட்டைச் சொன்ன கட்டுரைகளும் அந்தக் காலத்தவையே. அவை அச்சில் இருந்தன. தேடிய இடத்தில் இல்லை. ஒரு தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பலரும் அறிவார்கள். அதில் என்ன இல்லை, எந்த ஆண்டுக்கு முன் இல்லை, எந்த இதழ் சேரவில்லை என்பதை அறிந்து வைத்திருப்பது நூலகரின் தொழில். அந்த அறிவு ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கிறது என்பதுதான் இக்கடிதத்தில் நான் சொல்ல வரும் செய்திக்கு அடிப்படை.

எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பப்மெட் 2020ஆம் ஆண்டு முற்றிலும் புதிய வடிவத்துக்கு மாறியது. ஒரு சொல்லின் வேரை மட்டும் கொடுத்து உடுக்குறியிட்டு (*) தேடினால் முன்பு அச்சொல்லின் 600 வேறுபட்ட வடிவங்களோடு நின்றுவிடும். புதிய வடிவத்தில் அந்த வரம்பு நீங்கியது. ஆகவே பழைய தேடலை அப்படியே மீண்டும் ஓட்டினாலும் வேறு எண்ணிக்கை வரக்கூடும். 2022 நவம்பரில் அருகமைத் தேடல் என்ற வசதி வந்தது. முழங்கால், வலி என்ற இரு சொற்களும் ஒட்டி வந்தாலும் சரி, இடையில் இரண்டு மூன்று சொற்கள் புகுந்திருந்தாலும் சரி, தலைப்பிலும் சுருக்கத்திலும் அவற்றைப் பிடித்துத் தர முடிகிறது. அதற்கு முன் பப்மெட்டில் அது இயலாததாக இருந்தது. ஒரு கட்டுரை எதைப் பற்றியது என்பதைக் குறிக்கும் பாடத் தலைப்பை இடும் பணியைப் பல பதிற்றாண்டுகளாகப் பயிற்சி பெற்ற மனிதர்கள் செய்து வந்தார்கள். 2022 ஏப்ரல் முதல் அதைக் கணினி வழிமுறை செய்கிறது, மனிதர்கள் தேர்ந்தெடுத்தவற்றைச் சரிபார்க்கிறார்கள். மெஷ் என்று நாங்கள் அழைக்கும் அந்தப் பாடத் தலைப்புப் பட்டியல் 1960 முதல் இருந்து வருகிறது என்றாலும், ஒவ்வோர் ஆண்டும் அதில் புதிய தலைப்புகள் சேர்கின்றன, சில பெயர் மாறுகின்றன. ஒரு கேள்வி தொடர்பான ஆய்வுகளையெல்லாம் தேடித் திரட்டி மதிப்பிடும் முறைசார் மீளாய்வு என்பதையே ஒரு கட்டுரை வகையாகக் குறிக்கும் வழக்கம் 2019இல்தான் அதில் வந்தது. 2015இல் பட்டம் பெற்று, அதன்பின் ஒரு வகுப்பிலும் உட்காராத நூலகர் ஒருவருக்கு மேற்சொன்னவற்றில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். அவர் திறமையற்றவர் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இத்தகைய வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காக ஒரு பயிற்சியை அருகிலிருந்து காட்டுகிறேன். கேள்வி எளிமையானது: முதியோர் தடுமாறி விழுவதை உடற்பயிற்சியால் குறைக்க முடியுமா? பயில்பவர் முதலில் ஆங்கிலத்தில் விழுதலைக் குறிக்கும் ‘ஃபால்’ என்ற சொல்லை மட்டும் இட்டுத் தேடுகிறார். திரையில் வந்து குவிவதில் இரத்த அழுத்தம் ‘விழுந்த’ கட்டுரைகள் இருக்கின்றன, பிறப்பு விகிதம் ‘விழுந்த’ கட்டுரைகள் இருக்கின்றன, இலையுதிர் காலத்தில் நடந்த ஆய்வுகளும் இருக்கின்றன. அடுத்து ‘ஆக்ஸிடென்டல் ஃபால்ஸ்’ என்ற மெஷ் தலைப்பைக் கொண்டு தேடச் சொல்கிறார்கள், குப்பை விலகிவிடுகிறது. பயில்பவர் மகிழ்ச்சியோடு அதில் நின்றுவிடும் நேரத்தில் பயிற்றுநர் இன்னொன்றைச் சுட்டிக்காட்டுகிறார்: நேற்று வந்து சேர்ந்த, இன்னும் தலைப்பு இடப்படாத கட்டுரைகள் இந்தத் தேடலில் அகப்படா. ஆகவே தலைப்புத் தேடலையும் சொல் தேடலையும் இணைக்க வேண்டும். சொல் தேடலில் ‘முதியோர்’ என்பதற்கு எத்தனை மாற்றுச் சொற்கள் உண்டு, ‘உடற்பயிற்சி’ என்பதற்குள் சமநிலைப் பயிற்சியும் தாய்ச்சி என்ற சீனப் பயிற்சியும் அடங்குமா என்றெல்லாம் பட்டியலிட வேண்டும். ஒன்றரை மணி நேர வகுப்பில் ஒரு மணி நேரம் இந்த ஒரே கேள்வியில் போய்விடுகிறது. இதே கேள்விக்கு, மருத்துவ ஆய்வுச் சான்றுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட மீளாய்வு 108 ஆய்வுகளை, 23,407 பங்கேற்பாளர்களின் தரவுகளைத் திரட்டி, உடற்பயிற்சியால் விழும் விகிதம் ஏறத்தாழ 23 விழுக்காடு குறைகிறது என்று சொன்னது. அப்படியொரு முடிவுக்கு அடித்தளமே தேடல்தான். தேடலில் விட்டுப்போன ஆய்வு அதற்குப் பிந்தைய எந்தக் கணக்கீட்டிலும் வந்து சேராது.

நூலகரின் பங்கு நோயாளியின் படுக்கை வரை செல்கிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பகுதி மருத்துவமனைகளில் நடந்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், நூலகத்திலிருந்து பெற்ற தகவலால் நோயாளிக்கான சிகிச்சையில் ஏதேனும் ஒன்றை வேறு விதமாகக் கையாண்டிருப்போம் என்று மருத்துவர்களில் 80 விழுக்காட்டினர் கூறினார்கள். முறைசார் மீளாய்வுகளுக்கான தர வரையறைகளை 2011இல் வகுத்த அமெரிக்காவின் ‘இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்’ அமைப்பு, தேடலைத் திட்டமிடும்போது அதில் பயிற்சி பெற்ற நூலகருடன் இணைந்து பணியாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘பயிற்சி பெற்ற’ என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டுகிறேன்.

அந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்றால், இன்று வீட்டுக் கணினியிலேயே கிடைக்கும், பெரும்பாலும் காசில்லாமல். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் வலையமைப்பு பல ஆண்டுகளாக நேரடி இணைய வகுப்புகளையும், அவரவர் வேகத்தில் படிக்கத்தக்க பாடங்களையும் கட்டணமின்றி அளித்து வந்திருக்கிறது. பப்மெட் உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்பதை மட்டுமே பாடமாக்கிய தொடர் வகுப்புகள் அதில் உண்டு. ஒருவர் இட்ட சொல்லை அது தானாக எந்தத் தலைப்போடு பொருத்துகிறது என்பதைப் பிரித்துக் காட்டும் அவ்வகுப்புகளை எந்த நூலகருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். உலக சுகாதார நிறுவனமும் பதிப்பகங்களும் இணைந்து 2002இல் தொடங்கிய ஹினாரி திட்டம், வருவாய் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு மருத்துவ இதழ்களைத் திறந்துவிட்டது. அதை உள்ளடக்கிய ரிசர்ச்ஃபார்லைஃப் அமைப்பு, பயிற்சிப் பாடங்களையும் பலரும் சேரத்தக்க திறந்த இணையப் படிப்பையும் இலவசமாகத் தருகிறது. காக்ரேன் அமைப்பு, ஆய்வுச் சான்று என்றால் என்ன என்பதை மருத்துவம் படிக்காதவரும் புரிந்துகொள்ளும் வகையில் ஓர் இலவசப் பாடத்தை வைத்திருக்கிறது. பொதுநூலகங்களில் பணியாற்றுவோருக்கும் அது உதவும். ஐரோப்பிய மருத்துவத் தகவல் மற்றும் நூலகச் சங்கத்தில் தனிநபர் உறுப்பினராகக் கட்டணம் இல்லை. 1898இல் தோன்றிய அமெரிக்க மருத்துவ நூலகச் சங்கத்தின் வகுப்புகளில் பலவற்றுக்குக் கட்டணம் உண்டு என்றாலும், அதன் தொடர்கல்விப் புள்ளிகள் கிடைக்கும் வகுப்புகளை வேறு அமைப்புகள் இலவசமாக நடத்துகின்றன.

கட்டணமின்மை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். மருத்துவ நூலகங்களில் கணிசமானவை ஒரே ஒரு நூலகரைக் கொண்டவை. அவருக்கு மூத்தவர் என்று பக்கத்தில் யாருமில்லை. ஐயம் வந்தால் கேட்க ஆளில்லை. மாநாட்டுக்குச் செல்வதென்றால் பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்ந்து அவருடைய ஒரு மாத ஊதியத்தை விழுங்கும். போனாலும் அவர் இல்லாத நாள்களில் நூலகம் பூட்டிக் கிடக்கும். அப்படிப்பட்டவருக்கு இணைய வகுப்புதான் துறையோடு இருக்கும் ஒரே தொடர்பு. பாடத்தைவிட, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடங்களில் வேறொரு மூலையில் இருக்கும் இன்னொரு தனி நூலகர் தன்னுடைய அதே சிக்கலை எழுத்தில் கேட்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் துணிவு பெரிது. இதை நான் உணர்ந்து சொல்கிறேன்.

ஆனால் இலவசம் என்ற பெயரில் வருவதெல்லாம் பயிற்சியாகிவிடாது. தரவுத்தளங்களையும் இதழ்த் தொகுப்புகளையும் விற்கும் நிறுவனங்கள் அடிக்கடி இலவச வெபினார்களுக்கு அழைக்கின்றன. அவற்றில் நல்லவையும் இருக்கின்றன. தங்கள் கருவியை முழுமையாகப் பயன்படுத்தும் வழியை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்ல யாராலும் முடியாது. எனினும் அவ்வகுப்பில் அக்கருவியின் குறைகள் பேசப்படுவதில்லை. இதே வேலையைக் காசில்லாமல் செய்யும் மாற்றுக் கருவி ஒன்று உண்டு என்பதும் பேசப்படுவதில்லை. நாற்பது நிமிடம் ஒருவர் பேச, மற்ற எல்லாரும் ஒலியை அணைத்துவிட்டுக் கேட்க, முடிவில் எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேரும் கூட்டங்களையும் பார்க்கிறோம். ஒரு தேடலையாவது தன் கையால் கட்டிப் பார்க்காமல், கட்டியதை இன்னொருவர் திருத்தித் தராமல் முடியும் வகுப்பு செய்தியறிக்கை போன்றது. கேட்டது மறுவாரம் நினைவில் நிற்காது. நல்ல வகுப்பை அடையாளம் காண நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வீட்டுப்பாடம் உண்டா, அதை யாரேனும் படித்துப் பார்த்துக் குறை சொல்கிறார்களா? தேடல் உத்திகளைச் சக நூலகர் சரிபார்ப்பதற்கென்றே பிரெஸ் என்ற வழிகாட்டிப் பட்டியல் இருக்கிறது. தேடலை எப்படி அறிக்கையிட வேண்டும் என்பதற்கு 2021இல் வெளியான பிரிஸ்மா-எஸ் என்ற 16 அம்சப் பட்டியல் இருக்கிறது. இவ்விரண்டையும் கையில் கொடுத்து, ஒருவர் தேடலை மற்றொருவர் திருத்தும்படி அமைந்த வகுப்பு, எவ்வளவு சிறிய அமைப்பு நடத்தினாலும் உட்காரத் தகுந்தது.

இனி, இக்கடிதத்தை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். வகுப்பு இருக்கிறது, கட்டணம் இல்லை. பிறகு ஏன் நூலகர்கள் பயன்படுத்திக்கொள்வதில்லை என்று நிர்வாகிகள் கேட்கிறார்கள். நேரடி வகுப்புகளில் பல, அவற்றை நடத்தும் நாட்டின் பகல் நேரத்தில் நடக்கின்றன. உலகின் மறுபாதியில் இருப்பவருக்கு அது நள்ளிரவு. பதிவு செய்யப்பட்ட காணொலியைப் பகலில் பார்க்கலாம் என்றால், நூலகத்தின் சேவை மேசையில் அமர்ந்திருப்பவருக்கு ஒருசேரப் பத்து நிமிடம் கிடைப்பது அரிது. காதொலிப்பானை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருக்கும் நூலகரைக் கண்டால், வேலை நேரத்தில் படம் பார்க்கிறார் என்று புகார் செய்வோரும் உண்டு. ஆகவே அவர் வீட்டில், வேலைகளெல்லாம் முடிந்த பின், தூக்கத்தை ஒதுக்கிவிட்டுப் படிக்கிறார். அப்படிப் படித்தும் பலன் என்னவென்றால், ஆண்டுத் தன்மதிப்பீட்டுப் படிவத்தில் அதை எழுதுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. கட்டணம் செலுத்தி நேரில் கலந்துகொண்ட இரண்டு நாள் கருத்தரங்குக்கு மதிப்பெண் தரும் நிறுவனம், எட்டு வாரம் வீட்டுப்பாடம் எழுதி முடித்த இணையப் படிப்பை இலவசம் என்ற ஒரே காரணத்தால் ஒதுக்கிவிடுகிறது. விலை இல்லாததற்கு மதிப்பும் இல்லை என்ற கணக்கு கல்வி நிறுவனங்களுக்கு அழகன்று.

உண்மையில் அந்த வகுப்பு யாருக்கும் இலவசமாக வந்து சேர்வதில்லை. அதற்கான விலையை நிறுவனம் கொடுக்காததால் நூலகர் தம் இரவைக் கொண்டு கொடுக்கிறார். கைக்குழந்தை உள்ளவரும், நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்பவரும் அவ்விலையைக் கொடுக்க இயலாமல் விலகிக்கொள்கிறார்கள். துறையில் பின்தங்கிவிட்டார் என்று பின்னாளில் குறை சொல்லப்படுபவர்களும் அவர்களே. ஒரு மருத்துவ நூலகம் தன் இதழ்ச் சந்தாக்களுக்கும் தரவுத்தளங்களுக்கும் ஆண்டுதோறும் செலவழிக்கும் தொகை அதன் செலவினங்களிலேயே மிகப் பெரியது. அவ்வளவு செலவில் வாங்கியதை முழுமையாகப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரை உருவாக்க, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குவது அந்தத் தொகைக்கு முன் ஒன்றுமே இல்லை. இதைச் செலவு என்று பார்க்கும் நிர்வாகி, வாங்கிய கருவி பாதித் திறனில் ஓடுவதால் ஏற்படும் இழப்பையும் கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும்.

இன்றைய சூழலில் இந்தத் தேவை இன்னும் கூர்மையாகியிருக்கிறது. 2020 மே 22 அன்று லான்செட் என்ற மருத்துவ இதழில், கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் தருவது குறித்து ஒரு கட்டுரை வெளியானது. அதன் எதிரொலியாக அம்மருந்து தொடர்பான பரிசோதனை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. கட்டுரைக்கு அடிப்படையான தரவுகளைச் சரிபார்க்க முடியாமல் போகவே, இரண்டு வாரங்களுக்குள், ஜூன் 4 அன்று, அது திரும்பப் பெறப்பட்டது. பப்மெட்டில் இப்போது அக்கட்டுரையைத் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு முகப்பிலேயே தெரியும். ஆனால் மே மாத இறுதியில் அதைத் தம் மடிக்கணினியில் சேமித்து வைத்த மருத்துவரின் கோப்பில் அப்படி எந்த அறிவிப்பும் தோன்றாது. மேற்கோள்களைச் சேமிக்க உதவும் ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருள், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை 2019 முதல் தானாகவே சிவப்புப் பட்டையிட்டு அடையாளம் காட்டுகிறது என்பதை ஓர் இலவச வகுப்பில்தான் நான் அறிந்தேன். அதை எங்கள் மாணவர்களுக்குச் சொன்னபோது, ஏற்கெனவே அம்மென்பொருளைப் பயன்படுத்தி வந்தவர்கள்கூட அச்சிவப்புப் பட்டை எதற்கு வருகிறது என்று தெரியாமல் இருந்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வந்த பிறகு எங்கள் மேசைக்கு வரும் கோரிக்கைகளின் தன்மையும் மாறிவிட்டது. ஒரு மாணவர் பத்து மேற்கோள்கள் கொண்ட பட்டியலோடு வந்து, இக்கட்டுரைகளைப் பெற்றுத் தாருங்கள் என்கிறார். இதழின் பெயர் உண்மை. ஆசிரியர்களின் பெயர்கள் அத்துறையில் எழுதுவோரின் பெயர்களே. தொகுதி எண்ணும் ஆண்டும் பொருந்துகின்றன. அந்தப் பக்கத்தைத் திறந்தால் அங்கே வேறு யாரோ வேறு எதையோ பற்றி எழுதிய கட்டுரை இருக்கிறது. தேடப்படும் கட்டுரை எழுதப்படவே இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கு, இருக்கும் கட்டுரையைக் கண்டெடுப்பதைவிட அதிக நேரம் ஆகிறது. இதை எப்படி விரைவாகக் கண்டறிவது, மாணவரைக் கூசச் செய்யாமல் எப்படி எடுத்துச் சொல்வது, எவ்வித வேலைகளுக்கு இக்கருவிகளை நம்பலாம், எவற்றுக்கு அறவே கூடாது என்பதையெல்லாம் எந்தப் பழைய பாடநூலிலும் படிக்க முடியாது. அன்றாடம் இதைச் சந்திக்கும் நூலகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதற்கு இணைய வகுப்புகளைவிட்டால் வேறு இடமில்லை.

இன்னொரு குறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவ்வகுப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தரவுத்தளம் ஆங்கிலத்தில் இருப்பதால் தேடல் பாடம் ஆங்கிலத்தில் இருப்பதை ஏற்கலாம். ஆனால் நோயாளிக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் நம்பத்தகுந்த தகவலை எடுத்துச் சொல்லும் கலையைத் தமிழில் பேசிப் பழகாமல் எப்படிக் கற்க முடியும்? புற்றுநோய் என்று அறிந்துகொண்ட மறுநாள் நூலகத்துக்கு வந்து நிற்பவரிடம் எந்த அளவு சொல்வது, எந்த இடத்தில் மருத்துவரிடம் அனுப்புவது, கைப்பேசியில் பரவும் மூலிகைச் செய்தியை அவர் காட்டினால் அவரைப் புண்படுத்தாமல் எப்படி மறுப்பது என்பவற்றைத் தமிழிலேயே ஒத்திகை பார்க்கும் இலவச வகுப்புகளை, அனுபவமுள்ள மருத்துவ நூலகர்களும் பொதுநூலகர்களும் சேர்ந்து நடத்த முன்வர வேண்டும். இதற்குப் பெரிய மேடையோ பெரும் பணமோ தேவைப்படாது. மாதம் ஒரு மாலை, ஒரு கேள்வி, இருபது பேர் என்று தொடங்கினாலே போதும். அப்படியொரு முயற்சி தொடங்குமானால் வீட்டுப்பாடங்களைத் திருத்தித் தர நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

பிற நாட்டு அமைப்புகள் பொதுப்பணத்தில் நடத்தும் வகுப்புகளை என்றென்றைக்கும் நம்பியிருக்க முடியாது என்பதும் இதைச் சொல்ல ஒரு காரணம். நிதி ஒதுக்கீடு குறைந்தால் அவ்வகுப்புகள் குறையும், பதிவேற்றிய பாடங்கள் புதுப்பிக்கப்படாமல் பழசாகும். ஆகவே கிடைக்கும்போதே கற்பதும், கற்றதை அடுத்தவருக்குச் சொல்லித்தரும் ஏற்பாட்டை நமக்குள் உருவாக்கிக்கொள்வதும் அவசரம். இவ்விடத்தில் நூலகர்களாகிய எங்கள் பொறுப்பையும் சொல்ல வேண்டும். சான்றிதழ்களைச் சேர்த்து வைப்பதோடு நின்றுவிடாமல், ஒரு வகுப்பில் கற்றதைக் கொண்டு நூலகத்தில் எதை மாற்றினோம் என்பதை அரைப் பக்கத்திலாவது எழுதி நிர்வாகத்திடம் தர வேண்டும். அவ்வாறு தராத வரையில், ஒதுக்கும் நேரம் வீணாகாது என்று நிர்வாகம் நம்புவதற்கு நாங்கள் ஆதாரம் எதையும் கொடுத்தவர்களாக மாட்டோம்.

மருத்துவக் கல்லூரிகள், செவிலியர் கல்லூரிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் நிர்வாகத்தினரிடம் நான் கேட்பது புதிய பதவியோ நிதியோ இல்லை. வாரத்தில் இரண்டு மணி நேரம் நூலகரின் கற்றலுக்கான பணி நேரம் என்று எழுத்துப்பூர்வமான ஆணை வேண்டும். வீட்டுப்பாடமும் மதிப்பீடும் கொண்ட இலவசப் படிப்புகளைக் கட்டணப் படிப்புகளுக்கு நிகராகத் தன்மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் கணக்கில் கொள்ள வேண்டும். நள்ளிரவில் நேரடி வகுப்பில் கலந்துகொண்டவர் மறுநாள் காலை தாமதமாக வர அனுமதி வேண்டும். ஒரே நூலகர் உள்ள இடங்களில், அந்த இரண்டு மணி நேரமும் சேவை மேசையை யார் பார்த்துக்கொள்வார் என்பதை அவர் தலையில் விடாமல், அதே ஆணையில் பெயர் குறித்துச் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மருத்துவ நூலகர் ஒருவர்